சம்பந்தியைத் திட்டிய ஞாயிற்றுக்கிழமை

இந்த ஊரில் நான் திட்டாத ஆட்கள் குறைவு. இருபத்தெட்டு வருடமாக ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறேன். ஐஸைக் கத்தியால் குத்தி எடுக்கப் போய்க் குழாயில் ஓட்டை போட்டுவிட்டு, "தானாவே ஓட்டை விழுந்திருச்சுங்க" என்று வந்து நிற்பவர்களிடம் வேறு எப்படிப் பேசுவது? திட்டு வாங்கிக்கொண்டும் என்னிடமே வருகிறார்கள் என்றால் என் வேலை சுத்தம் என்று அர்த்தம். அப்படிப்பட்ட வாய்க்கு எட்டு மாதத்துக்கு முன்னால் பூட்டு விழுந்தது. என் ஒரே மகளுக்குக் கல்யாணம் ஆகி, எனக்கு ஒரு சம்பந்தி வந்து சேர்ந்தார்.

சம்பந்தி நல்ல மனிதர். அதுதான் தொல்லையே. கடைகளில் இருக்கும் தராசுகளைச் சரி பார்க்கிற வேலையில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் மூன்று வருடமாகிறது. மகனோடும் என் மகளோடும் இருக்கிறார். நான் போனால் எழுந்து நிற்பார். அவர் நிற்கிறாரே என்று நானும் நிற்பேன். "உக்காருங்க சம்பந்தி." "முதல்ல நீங்க உக்காருங்க சம்பந்தி." முழங்கால் வலிக்கும்வரை இது போகும். உட்கார்ந்த பிறகு "அப்புறம்?" என்பார். "நீங்கதான் சொல்லணும்" என்பேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடம். வாயிலிருந்து ஏடாகூடமாக ஏதாவது விழுந்துவிட்டால் மகள் தலையில்தானே வந்து விடியும்? அங்கே கிளம்பும்போதெல்லாம் என் மனைவி வாசலிலேயே நிறுத்திச் சொல்லி அனுப்புவாள். "கடையில பேசற வாயை அங்க போய்த் திறக்காதீங்க."

ஒரு நாள் மத்தியானம் மகள் கடைக்கு வந்தாள். நான் ஒரு கம்ப்ரசரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எண்ணெய்க் கையோடு திரும்பிப் பார்த்தால் அவள் கண் சிவந்திருக்கிறது.

"அப்பா, மாமா போறேங்கறார்."

"எங்க?"

"அவங்க அண்ணன் வீட்டுக்கு. ரயில்ல ஒரு நாள் பயணம். இந்த மாசம் கடைசித் திங்கக்கிழமை. போக மட்டும்தான் டிக்கெட் போட்டிருக்கார்."

"நீ ஏதாவது சொன்னியா?"

"நான் என்னப்பா சொல்லப் போறேன். நானும் அவரும் ஒரு வார்த்தை குரல் உசத்திப் பேசினதில்ல. கேட்டா, 'ஒண்ணுமில்லம்மா, சும்மா ஒரு மாறுதலுக்கு'ங்கறார்." மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு அவரைப் பிடிக்கும்ப்பா. என் குடைக் கம்பி உடைஞ்சா நான் வேலைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள சரி பண்ணி மாட்டி வெச்சிருப்பார். பண்ணினேன்னுகூட சொல்ல மாட்டார். அவர் போகக் கூடாது. நீங்கதான் நிறுத்தணும்."

"நான் எப்படி நிறுத்தறது?"

"உங்களுக்குத்தான் அந்தப் பிளேன் இருக்கே. அவரையும் கூட்டிட்டுப் போங்க. அவருக்குன்னு இங்க ஒரு ஆள் வேணும்ப்பா."

மகள் அழுதால் எனக்குக் கை ஓடாது. சரி என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பிளேன் இருக்கே என்றாளே, அது இல்லை என்பதுதான் உண்மை. ரிமோட்டில் விமானம் ஓட்டுகிற பைத்தியம் எனக்குப் பிடித்து நான்கு மாதமாகியிருந்தது. ஆரம்பித்த சூட்டில், பார்க்க மிரட்டலாக இருக்கிறதே என்று கறுப்பு ஜெட் ஒன்றை வாங்கினேன். அது வானத்தில் இருந்தது மொத்தம் பதினொரு விநாடி. மைதானத்தில் நின்றவர்கள் சத்தமாக எண்ணினார்கள். அதற்குப் பிறகுதான் புத்தி வந்து, மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் தபால்காரரிடம் ஒழுங்காகப் பழகினேன். அவரை எல்லோரும் காத்து என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதைத்தான் முதலில் சொல்வார். அவருடைய பழகுவிமானத்தை அவர் பக்கத்தில் நின்றுகொள்ள ஏழெட்டு ஞாயிறு ஓட்டியிருந்தேன். இனி எனக்கென்று ஒன்று வாங்கலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை சம்பந்தியை ரிமோட் விமானம் விற்கிற கடைக்கு அழைத்துப் போனேன். மாடிப்படி ஏறிப் போகிற சின்னக் கடை. கூரையிலிருந்து விமானங்கள் கயிற்றில் தொங்கும். கடைக்கார அம்மா கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வருகிறவர்களை ஏற இறங்கப் பார்ப்பார். என்னைப் பார்த்ததும், "பதினொரு விநாடியா?" என்றார். மானம் போனது. நல்லவேளை, சம்பந்திக்குப் புரியவில்லை.

எனக்கு ஒரு சிவப்பு விமானத்தின் மேல் கண். இறக்கை உடம்புக்குக் கீழே, மூக்கு கூர்மையாக, நிற்கும்போதே பாய்கிற மாதிரி இருந்தது. சம்பந்தி மூலையில் தொங்கிய மஞ்சள் விமானத்தை எடுத்து உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். இறக்கை உடம்புக்கு மேலே, கனத்த சக்கரம், கொஞ்சம் அசட்டுத்தனமான முகம். அதை அவர் பிடித்திருந்த விதத்திலேயே அவருக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்தது.

"சம்பந்தி, உங்களுக்கு எது தோணுது?" என்றேன்.

"நீங்க ஆசைப்படறதுதான் சம்பந்தி."

"இல்ல, நீங்க சொல்லுங்க."

"எனக்கு இதுல என்ன தெரியும். சிவப்பு நல்லாத்தான் இருக்கு."

"மஞ்சளும் நல்லாத்தான் இருக்கு."

"உங்களுக்குச் சிவப்புன்னா சிவப்பே இருக்கட்டும்."

"உங்களுக்கு மஞ்சள்னா..."

கடைக்கார அம்மா கால்குலேட்டரைத் தட்டிவிட்டு எங்களைப் பார்த்தார். "ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் இப்படியே பேசுவீங்க போலிருக்கே. சிவப்பு, ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு. கீழ இறக்கை வெச்சது சாய்ஞ்சா சாய்ஞ்சதுதான், நீங்கதான் நிமித்தணும். மஞ்சள் மேல இறக்கை. உடம்பு கீழ தொங்கறதால கைய விட்டா தானா நிமிரப் பாக்கும். மெதுவாப் போகும், யோசிக்க நேரம் குடுக்கும். முழுக்க ஃபோம், விழுந்தா ஒட்டிக்கலாம். நீங்க விழுவீங்க." மஞ்சளின் அட்டைப்பெட்டியை எடுத்து வைத்துப் பில் போட்டுவிட்டார். சம்பந்தி முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து, என்னைப் பார்த்ததும் மறைந்தது.

அடுத்த நாலு நாளும் சாயங்காலத்தில் என் கடையின் வேலை மேசையில் விமானத்தைப் பூட்டினோம். அப்போது பார்க்க வேண்டும் அவரை. கூடவே வந்த சின்னப் புத்தகத்தைப் பூதக்கண்ணாடி வைத்து அட்டையிலிருந்து அட்டைவரை படித்தார். வால் துண்டுகளை ஒட்டும்போது இரண்டு பக்கமும் நூல் பிடித்து அளந்தார். ஒரு மயிரிழை கோணலாக இருந்தாலும் பசை காய்வதற்குள் எடுத்து மறுபடி வைத்தார். எடைமையம் பார்க்கும் கட்டம் வந்தபோது எனக்கு அங்கே வேலையே இல்லாமல் போனது. இறக்கையின் அகலத்தில் முன்னோரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, அடியில் இரண்டு பக்கமும் ஆள்காட்டி விரலைக் கொடுத்து விமானத்தைத் தூக்கினார். வால் தாழ்ந்தது. பேட்டரியை ஒரு நகக்கண் அளவு முன்னால் தள்ளினார். தூக்கினார். இன்னும் அரை நகக்கண். மூன்றாவது முறை விமானம் அவர் விரல் நுனியில் அப்படியே நின்றது.

"மூக்கு ஒரு துளி தாழ்ந்தா நல்லதுன்னு போட்டிருக்கு. தாழ்ந்திருக்கு பாருங்க," என்றார். குரலில் அப்படி ஒரு உயிர். முப்பத்தைந்து வருடம் தராசு முள்ளைப் பார்த்த கண். எனக்கு அவரைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. சம்பந்தியைக் கட்டிப் பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாததால், "தேத்தண்ணி சொல்லட்டுமா?" என்றேன்.

ரிமோட்டைச் சரி செய்யும் வேலை என்னுடையது. மூக்கில் சுற்றும் விசிறியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ரிமோட்டையும் விமானத்துக்குள் இருக்கும் ரிசீவரையும் ஜோடி சேர்த்தேன். இறக்கையின் பின்னோரத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மடல்கள் இருக்கும். ரிமோட்டில் இருக்கும் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது மடல் மேலே போக வேண்டும், இடது மடல் கீழே வர வேண்டும். அப்போதுதான் விமானம் வலப்பக்கம் சாயும். தள்ளிப் பார்த்தேன். என் வலது கைப் பக்கத்து மடல் கீழே போனது. "பாத்தீங்களா, தொழிற்சாலையிலேயே தப்பாப் பண்ணி அனுப்பியிருக்கான்" என்று சொல்லி, ரிமோட்டில் அதைத் திருப்பிவிடும் பொத்தானை அழுத்தினேன். இப்போது என் வலது பக்க மடல் மேலே போனது. திருப்தி.

விமானத்தின் மூக்கு என்னைப் பார்த்து இருந்தது. அதாவது என் வலது, அதற்கு இடது. சரியாக இருந்ததை நான் தலைகீழாக மாற்றி வைத்திருக்கிறேன். மேசைக்கு எதிர்ப்பக்கம், வால் பக்கமாக உட்கார்ந்திருந்த சம்பந்தி புருவத்தைச் சுருக்கினார்.

"சம்பந்தி, ஒரு சின்ன..."

"சொல்லுங்க சம்பந்தி."

என் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு."

நானும் யோக்கியன் இல்லை. கடைசியில் சம்பந்தி, அதுவரை நூலால் கட்டி வைத்திருந்த இறக்கையை உடம்போடு ரப்பர் வளையங்களால் கட்டினார். எட்டுப் போட வேண்டிய இடத்தில் நாலுதான் போட்டார். பாரம் குறையட்டும் என்று நினைத்திருப்பார். கடையில் ஒரு வேலைக்காரன் இப்படிச் செய்திருந்தால் தெருமுனைவரை கேட்டிருக்கும் என் சத்தம். "பிரமாதம் சம்பந்தி" என்றேன்.

ஞாயிறு காலை மைதானத்தில் புல் இன்னும் ஈரமாக இருந்தது. காத்து வந்து, "வடக்கேருந்து லேசா அடிக்குது. மடல் பாத்தாச்சா?" என்றார். "பாத்தாச்சு." "பின்னாடி நின்னு பாத்தீங்களா?" "அட, பாத்தாச்சுங்கறேன்ல." எனக்குக் கேள்வி கேட்டால் பிடிக்காது.

மஞ்சள் விமானம் அழகாக ஓடியது. வால் தூக்கியது, சக்கரம் தரையை விட்டது. சம்பந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆளுயரம் போனதும் இடது இறக்கை லேசாகத் தாழ்ந்தது. குச்சியை வலப்பக்கம் தட்டினேன். இன்னும் தாழ்ந்தது. இன்னும் தள்ளினேன். இன்னும் தாழ்ந்தது. பயத்தில் குச்சியை முழுசாகத் தள்ளிவிட்டேன். விமானம் அப்படியே மல்லாந்து, இறக்கை நுனியைத் தரையில் ஊன்றி, இரண்டு குட்டிக்கரணம் போட்டது. இறக்கை தனியாகக் கழன்று ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. உடம்பு இன்னொரு பக்கம். யாரும் எண்ணவில்லை. எண்ணுகிற அளவுக்கு நேரம் இல்லை.

சம்பந்தி பக்கத்தில் வந்து, தொண்டையைச் செருமி, மிகுந்த மரியாதையோடு சொன்னார். "எனக்கு அப்பவே சந்தேகம்தான் சம்பந்தி. மடல் தலைகீழா இருக்கோன்னு."

எனக்குள் ஏதோ அறுந்தது.

"யோவ்," என்றேன். "சந்தேகம்னா சொல்றதுக்கென்ன? வாய்க்குள்ள என்ன பூட்டா போட்டிருந்தே? கண்ணு முன்னால ஒருத்தன் கிணத்துல விழுறான், நீ பாட்டுக்குக் கையக் கட்டிட்டு நல்லா இருக்குங்கறே."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதுக்கே கேட்டது. யோவ். அதுவும் நீ வேறு. சம்பந்தியை. மகள் முகம் வந்தது, மனைவி முகம் வந்தது. மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சம்பந்தியின் காது நுனி சிவந்தது.

"யோவா?" என்றார். "நான் யோவ்னா நீ யாருய்யா? விமானத்தோட மூஞ்சியப் பாத்து உக்காந்துகிட்டு வலது எது இடது எதுன்னு தெரியாதவன். தொழிற்சாலைக்காரன் தப்புப் பண்ணிட்டானாம். உலகத்துல இருக்கறவன் எல்லாம் முட்டாள், நீ ஒருத்தன்தான் அறிவாளி. அந்தப் புத்தகத்த ஒரு பக்கம் படிச்சியாய்யா நீ?"

"நான் படிக்கல சரி. நீ படிச்சு என்ன கிழிச்சே? எட்டு ரப்பர் போட வேண்டிய இடத்துல நாலு போட்டிருக்கே. நாலு."

"அத அப்பவே சொல்ல வேண்டியதுதானே? 'பிரமாதம் சம்பந்தி'ன்னு யாரு பல்லக் காட்டினது?"

உடைந்த உடம்பை எடுக்கப் போகும் வழி முழுக்கத் திட்டிக்கொண்டோம். எடுத்துக்கொண்டு திரும்பும் வழி முழுக்கவும் திட்டிக்கொண்டோம். காத்து நடுவில் வந்து, "நாலு ரப்பர் போட்டதாலதான் இறக்கை கழண்டு தப்பிச்சிருக்கு. எட்டுப் போட்டிருந்தா அதுவும் ரெண்டாயிருக்கும்" என்றார். சம்பந்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

வீட்டுக்குப் போகும்போது வண்டியில் அவர் மடியில் இறக்கை. எனக்கு ஸ்டியரிங் வழுக்கியது. போகிற மனிதரை நிறுத்தச் சொன்னால், பிடித்துத் தள்ளிவிட்டேனே என்று மனதுக்குள் என்னையே செருப்பால் அடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். அவர் வீட்டு வாசலில் இறங்கும்போது, "அந்த ஃபோம் பசை காய எவ்வளவு நேரமாகும்?" என்றார். ஒரு நாள் என்றேன். இறக்கையைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் மகளிடமிருந்து போன். எடுக்கவே பயமாக இருந்தது.

"அப்பா, மாமாகிட்ட என்ன பண்ணினீங்க?"

"அது வந்து கண்ணு, வாய் தவறி..."

"வந்ததுலேருந்து உங்களத் திட்டிகிட்டே இருக்கார். சாப்பாட்டுல கைய வெச்சுகிட்டுத் திட்டறார். 'உங்கப்பனுக்கு வலது இடது தெரியலம்மா'ங்கறார். உங்க மாப்பிள்ளை வாயப் பொளந்து பாத்துகிட்டிருக்கார். மாமா மூணு தடவ சாப்பாடு கேட்டு வாங்கினார்ப்பா." அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. சிரிப்பு என்று முடிவு செய்துகொண்டேன்.

"டிக்கெட்?" என்றேன்.

"அது அப்படியேதான் இருக்கு. பெட்டியும் கட்டியாச்சு."

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் சம்பந்தி கடையில் நின்றார். அதற்குப் பிறகு தினமும். எழுந்து நிற்பது, உட்காரச் சொல்வது எல்லாம் அந்த மைதானத்தோடு ஒழிந்தது. முறிந்த மூக்கைச் சாதாரணப் பசையால் ஒட்டப் போனேன். "அது ஃபோமத் தின்னுடும்யா, கைய எடு" என்று தட்டிவிட்டார். அவர் ஒட்டிய இடத்தில் நான் விரலை வைத்து, "இதென்ன மேடு?" என்றேன். சுரண்டி மறுபடி ஒட்டினார். இறக்கையின் மேல் வலப்பக்கம் 'வ' என்றும் இடப்பக்கம் 'இ' என்றும் கொட்டை எழுத்தில் எழுதினார். எனக்காகத்தானாம். வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சொன்னார். வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரில் பொய் விமானம் ஓட்டிப் பழகினார். முதல் நாளில் நாற்பது முறை விழுந்தார். வாரக் கடைசியில் நான் விழுகிற இடத்தில் அவர் விழவில்லை.

ரயிலைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. எது வேண்டுமானாலும் கேட்க முடிந்தது, அதை மட்டும் கேட்க வாய் வரவில்லை. அடுத்த ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. மீதி இருந்தது ஒரே ஒரு ஞாயிறு. அதற்கு மறுநாள் திங்கட்கிழமை.

அந்த ஞாயிறு வானம் கழுவி விட்டது போலிருந்தது. சம்பந்தி விமானத்தின் வாலுக்குப் பின்னால் போய் நின்றார். "இங்க வா. பின்னாடி நில்லு. வலது தள்ளு. எது மேல போகுது?"

"வ."

"சத்தமாச் சொல்லு."

"வ மேல போகுதுய்யா. போதுமா?"

"இடது தள்ளு."

காத்து கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. "மேக்காலேருந்து காத்து" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

விசையைக் கூட்டினேன். ஓடியது, தூக்கியது, ஏறியது. இடப்பக்கம் லேசாகத் தாழ்ந்தது. குச்சியை வலப்பக்கம் தொட்டேன். நிமிர்ந்தது. சொன்ன பேச்சைக் கேட்டு நிமிர்ந்தது. நான் இருபத்தெட்டு வருடத்தில் எத்தனையோ ஃபிரிட்ஜை ஓட வைத்திருக்கிறேன், ஒன்றாவது எனக்கு இப்படிக் கண்ணில் தண்ணீர் வரவழைத்ததில்லை. மஞ்சள் இறக்கையில் வெயில் பட்டு, அது மைதானத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. இரண்டு போட்டது. பக்கத்தில் சம்பந்தி, "ஏறுது பாரு, ஏறுது பாரு" என்று என் முதுகில் குத்திக்கொண்டே இருந்தார்.

நல்ல உயரம் போனதும் ரிமோட்டை அவர் கையில் திணித்தேன். "பிடி."

"யோவ், வேணாம்."

"பிடிய்யா."

பிடித்தார். விமானம் தள்ளிப் போகிறவரை ஒரு தொல்லையும் இல்லை. திரும்பி நம்மை நோக்கி வரும்போதுதான் புதியவர்கள் எல்லோரும் கவிழ்வார்கள். விமானத்தின் முகம் நம்மைப் பார்க்கும்போது வலது இடது எல்லாம் மாறிப்போகும். காத்து ஓடி வந்து, "தாழற இறக்கைக்கு அடியில குச்சிய முட்டுக் குடுங்க, அவ்வளவுதான்" என்றார். "அட, தராசுத் தட்டு," என்றார் சம்பந்தி. அதோடு சரி. எந்தப் பக்கம் தாழ்ந்தாலும் அந்தப் பக்கம் ஒரு பொட்டு, அவ்வளவுதான் கொடுத்தார். முள் நடுவில் நிற்பது போல விமானம் நேராக வந்து எங்கள் தலைக்கு மேல் போனது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது.

பேட்டரி முடியும் நேரம் நானே வாங்கி இறக்கினேன். இரண்டு முறை குதித்து நின்றது. ஒன்றும் உடையவில்லை. காத்து கை தட்டினார்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு, இறக்கையில் ஒட்டிய புல்லை ஒவ்வொன்றாக எடுத்தார். கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

"எதுக்குய்யா போறே?"

அவர் புல்லை எடுப்பதை நிறுத்தவில்லை. "அவ இருந்தப்ப தினமும் திட்டுவா. செருப்ப ஏன் இங்க விட்டீங்க, விளக்க ஏன் அணைக்கல, சட்டையப் பாரு, மூஞ்சியப் பாரு. காலையில திட்டோடதான் எழுந்திருப்பேன். அவ போனப்புறம் வீடே மரியாதையாயிடுச்சு. உன் பொண்ணு தங்கம்யா. ஆனா டம்ளரக் கீழ போட்டு உடைச்சாலும் 'பரவாயில்ல மாமா'ங்கறா. மகன் 'பரவாயில்லப்பா'ங்கறான். அதக் கேட்டுக் கேட்டு விருந்தாளி மாதிரி ஆயிட்டேன். விருந்தாளின்னா ஒரு நாள் கிளம்பணும்ல?"

மனசு கனத்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"அறிவிருக்காய்யா உனக்கு?" என்றேன். "வயசு அறுபத்திரண்டாகுது. என் பொண்ணு கடையில வந்து அழுதுட்டுப் போறா, மாமா போகக் கூடாதுன்னு. நீ விருந்தாளியாம். திட்ட ஆளில்லன்னு எவனாவது ஊரை விட்டுப் போவானா? பேர் போன வாயி, நான் ரெண்டு தெரு தள்ளி இருக்கேன். வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா எட்டு மாசத்துக்கு முன்னாடியே திட்டியிருப்பேனேய்யா. அதுக்கென்ன காசா பணமா?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவருடைய சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்ததைச் சொன்னேன். அவர் அண்ணனையும் விடவில்லை. ஐந்து நிமிடமாவது திட்டியிருப்பேன். அவர் தலையைக் குனிந்து, கண்ணை மூடி, வெயில் காய்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டார். பிறகு பையிலிருந்து போனை எடுத்து என் கையில் கொடுத்தார். "டிக்கெட்ட எப்படி ரத்து பண்றதுன்னு பாரு. எனக்குத் தெரியல."

எனக்கும் தெரியவில்லை. இருவரும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு அந்தப் போனோடு மல்லுக்கட்டினோம். எங்கோ தொட்டால் எங்கோ போனது. வெயிலில் திரை தெரியாததால் அவர் கையைக் குடையாகப் பிடித்தார். கடைசியில் ஒரு வழியாக அந்த இடம் வந்தது. 'நிச்சயமாக ரத்து செய்ய வேண்டுமா?' என்று கேட்டது. என் விரல் ஒரு கணம் நின்றது. இது அவர் முடிவாக இருக்க வேண்டும் என்று பட்டது.

"இதுல என்னய்யா யோசனை," என்று திட்டிக்கொண்டே அவர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, அழுத்தினார்.